நல்ல ரத்தம்

எங்கள் வீட்டில் நல்ல ரத்தம் என் தம்பியுடையதுதான். நானாகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே நரம்பின் மேலுறையை அரித்துத் தின்கிற வியாதி. நோயாளியின் ரத்தத்தையும் கூடப்பிறந்தவரின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சியில் எங்கள் இருவரையும் சேர்த்திருந்தார்கள்.

"இயற்கைக் கொல்லி அணுக்கள்னு ஒரு வகை இருக்கு," என்று ஆரம்பத்திலேயே ஆராய்ச்சி டாக்டரம்மா விளக்கினார். "சொந்த நரம்பையே தாக்குற அணுக்கள அதுங்க தீர்த்துக்கட்டும்னு நினைக்கிறோம். உங்களுக்கு அதுல ஒரு பிரிவு கம்மி. தம்பிக்கு நிறைய இருக்கு."

அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. "எங்கிட்ட கொலைகாரப் பசங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்கக்கா. வேணும்னா ரெண்டு பேர அனுப்பட்டுமா?" என்பான். லிஃப்ட் மெக்கானிக் அவன். கீழே அதலபாதாளமாக இருக்க, கம்பியில் தொங்குகிற பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவனுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் இவன் ஒருவனாவது நன்றாக இருக்கிறானே என்ற நினைப்பில்தான் நான் தூங்கினேன்.

இன்று டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவனை இனிமேல் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அவனுக்கும் அந்த அணுக்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன.

"இத மட்டும் வச்சு நோய்னு சொல்லிட முடியாது. வேற காரணத்துலயும் குறையலாம்," என்றவர், அவன் பக்கம் திரும்பினார். "கண்ணு மங்குதா? கை, கால் மரத்துப்போற மாதிரி ஏதாவது?"

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன் டாக்டர்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் ஏற, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நான் பின்னால் ஊர்ந்தேன். "என் பசங்க லீவுல போயிருப்பானுங்க, வந்துருவானுங்க," என்று வழியெல்லாம் அளந்துகொண்டே போனான்.

எனக்கு முன்னால் ஒரு படியில் அவனுடைய இடது செருப்பு கிடந்தது.

அவன் பேசிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தான். வெறும் கால் சிமெண்டில் பட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நடுத்தெருவில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, "ஏங்க, செருப்ப விட்டுட்டுப் போறீங்க," என்றார். அன்றைக்கு நான் சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

"டேய், செருப்பு எங்கடா?"

திரும்பினான். காலைப் பார்த்தான். திடுக்கிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் திடுக்கிடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போலப் பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாக்கா."

"அப்புறம் எந்தத் தைரியத்துல லிஃப்ட் மேல ஏறி நிக்கிற? பாவி, அவ்வளவு கேட்டாங்களே, டாக்டரம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

இறங்கி வந்தான். செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தான். கால் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிப் போனது.

"நீதான் பக்கத்துலயே உக்காந்திருந்தியேக்கா," என்றான்.

எடுத்து மாட்டிவிடலாம் என்றால் எனக்குக் குனிய வரவில்லை.