அக்ரிங்டனிலேயே சூடான அறை

என் கணவர் டெஸ்மண்ட் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரமே, குறிப்பதற்கு வேறு வண்டி இல்லாததால், என்னைக் குறிக்க ஆரம்பித்தார்.

"கிளினிஸ், உன் ரூம்ல பதினோரு டிகிரிதான் இருக்கு. கையுறை மாட்டிக்கிட்டு எவ வந்து பியானோ கத்துப்பா? மூணு பேரு ஏற்கெனவே நின்னாச்சு. அதை வித்துடலாம்."

"பியானோ போனா நானும் போறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் கெட்டில் முதல் நாற்காலி வரை எல்லாம் அவர் பார்த்து வாங்கியது. முன்னறையும் பியானோவும் மட்டும்தான் என்னுடையவை.

மனிதர் பயந்துவிட்டார். "சரி சரி, ரூமை நானே சூடாக்கிக் காட்டறேன்" என்றார். அந்த நிமிஷமே நான் வாயை மூடிக்கொண்டு கையுறையோடு வாசித்திருக்க வேண்டும்.

அக்ரிங்டனில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் விக்டோரியா ராணி காலத்துச் சிவப்புச் செங்கல். சுவர் ஒன்பது அங்குலம், நடுவில் இடைவெளி கிடையாது. டெஸ்மண்ட் நாற்பது வீடியோ பார்த்தார். சூட்டை வெளியே விடாத நுரைப்பலகைகளும் பஞ்சும் ஒரு லாரி நிறைய வந்து இறங்கின. தெருப்பக்கச் சுவரை மூடினார். பின்சுவரை மூடினார். பக்கத்து வீட்டு ஆர்மராடுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரையும் நாலு அங்குலத்துக்குப் பஞ்சு வைத்து மூடினார்.

"அந்தப் பக்கம் ஆர்மராடு நாள் பூரா அடுப்பு எரிக்கிறாரே. சும்மா வர்ற சூட்டை ஏன்யா அடைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு கிளினிஸ்" என்றார். முறை என்றால் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அடுத்தது தரை. பலகைகளைப் பெயர்த்து, கீழே உத்தரக் கட்டைகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்தார். அப்படியும் ஒரு காற்று கணுக்காலில் பட்டது. வாசலில் குப்புறப் படுத்து ஆராய்ந்ததில் குற்றவாளி அகப்பட்டான். சுவரின் அடியில், தரைக்குக் கீழே காற்று போய்வருவதற்காக, அந்தக் காலத்தில் வைத்த துளைச் செங்கல்கள். மொத்தம் நாலு.

காய்ந்தால் இறுகிப்போகும் டப்பா நுரையை எடுத்து அந்தத் துளைகளில் அவர் பீய்ச்சும்போது ஆர்மராடு குப்பைத் தொட்டியோடு வெளியே வந்தார். நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர்.

"டெஸ்மண்டு, அதை அடைக்காதப்பா. கட்டைக்கு மூச்சு முட்டிரும்."

"ஓட்டைன்னா ஓட்டைதான் ஆர்மராடு. வேணும்னே ஓட்டை வச்சுக் கட்டியிருக்கான் பாருங்க, முட்டாப் பய!"

"அந்த முட்டாப் பய கட்டி நூத்திமுப்பது வருஷமாச்சு. இன்னும் நிக்குது" என்று சொல்லிவிட்டு ஆர்மராடு தொட்டியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளதைச் சொல்கிறேன், அறை சூடாகிவிட்டது. ஜனவரியில் வெறும் சட்டையோடு உட்கார்ந்து வாசித்தேன். நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த மனிதரின் கன்னத்தில் ஒரு முத்தம்கூடக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் காளான் வாசனை வந்தது. "உன் மாணவிங்க ஷூ" என்றார். மூன்றாவது குளிர்காலத்தில் நடந்தால் தரை லேசாகக் குதித்தது. "மரம்னா கொஞ்சம் உயிரோட இருக்கத்தான் செய்யும்" என்றார். உயிரோடு வேறொன்று இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஜனவரியில் தெருவுக்கு வெப்பக் கேமரா வந்தது. எங்கள் ஊர்ப் பசுமைச் சங்கம் இரவல் கொடுப்பது. எந்த வீட்டிலிருந்து சூடு ஒழுகுகிறதோ அது திரையில் சிவப்பாகத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் டீக் கோப்பையோடு நடுத்தெருவில் நின்று, அடுத்தவர் வீடு எவ்வளவு சிவப்பு என்று பார்த்து மரியாதையாகச் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் வீடு மட்டும் நீலம். டெஸ்மண்ட் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"உள்ள வாங்க, வந்து பாருங்க! கிளினிஸ், ஏதாவது வாசிம்மா. கோட்டைக் கழட்டிட்டுக் கேக்கட்டும்."

பதினோரு பேர் வந்து பியானோவைச் சுற்றி நின்றார்கள். கசாப்புக் கடைக்காரர் பெவர்லி வசதியாகப் பியானோமேல் சாய்ந்துகொண்டார். பாட்டில் எட்டு வரி வாசித்திருப்பேன். படீரென்று ஒரு சத்தம். பியானோவின் இடது பக்கம் மெதுவாகக் கீழே போனது, நாற்காலியோடு நானும் போனேன். யாரும் கத்தவில்லை. "ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்று பெவர்லி மட்டும் சொன்னார்.

கீழே டார்ச் அடித்தோம். தட்டு அகலத்துக்குக் காளான்கள். கட்டைகள் ஊறிய பிஸ்கட்டைப் போல விரலுக்கே உதிர்ந்தன. பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பியானோவுக்காகத்தான், வேறு யாருக்காகவும் இல்லை.

ஆர்மராடு ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நாலு துளைகளையும் அறுத்துத் திறந்தார். திரும்பி வந்து, "என் முன்னறை சும்மாதானே கெடக்கு கண்ணு. சுவரு பழசு, ஆனா ஈரமில்ல. அங்க கொண்டாந்து போடு" என்றார்.

மறுநாள் ரக்பி கிளப் பையன்கள் பியானோவைத் தூக்கிப்போனார்கள். இப்போது தினமும் அங்கேதான் பாடம். அடுப்பு எரிகிறது. ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது, தரை அசையவில்லை. டெஸ்மண்ட் அக்ரிங்டனிலேயே சூடான அறையில், அழுகியதைப் பெயர்த்துவிட்டதால் தரை இல்லாத தரையின் ஓரத்தில், ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னைக்கு வாசிச்சியா?"

"மூணு மணி நேரம்."

"முப்பது வருஷமா நீ வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே பேப்பர் படிச்சுப் பழகிட்டேன். சுவத்துல காதை வச்சுகூடப் பாத்தேன் கிளினிஸ். ஒண்ணுமே கேக்கல."

"கேக்காது. நாலு அங்குலம் பஞ்சு" என்றேன். "முறைப்படி வச்சிருக்கீங்க."