விடுங்க ஐயா

"அடிதடி படிச்சு யார அடிக்கப் போற? என்னையா?"

சுதாகரன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. அவன் மனைவி சண்முகவடிவு துணியை எடுத்துத் துடைத்தாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில் இந்தக் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதை மூச்சால்தான் பேச வேண்டும். அவளும் மூச்சால்தான் சொன்னாள்.

"கண்டாக்கு ஐயா கைய புடிக்கிறாருங்க. ரெண்டு மாசமா. ஏழாம் நம்பர் மலையில, கொழுந்து எடுக்கிற செடி நெறைக்கு நடுவுல வந்து நின்னுக்கிட்டு."

சுதாகரனுக்கு முகம் சிவந்தது. கையை முறுக்கிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனான். கண்டாக்குதான் அந்தத் தோட்டத்தில் வேலைக்காரர்களை மேய்க்கிற உத்தியோகத்தர். சுதாகரனின் ஃபெக்டரி வேலை தோட்டத்துடையது, இந்தக் காம்பரா தோட்டத்துடையது, கூரைத் தகரம்கூடத் தோட்டத்துடையது. எல்லாம் ஞாபகத்துக்கு வரவே, போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நீ நடு நெறையில நிக்காத. ஓரமா நின்னு எடு" என்றான்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லலாம் என்றால், தலைவரும் கண்டாக்கும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் டவுனுக்குப் போய் வருவார்கள். புருஷனால் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று வடிவு யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் முடியாது. அதை நினைக்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தன் கையைத் தானே காப்பாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஆனால் யாரிடம் படிப்பது? ஒரு சேலை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாளா?

முதலில் கோயிலடியில் சிலம்பம் சொல்லித்தரும் சின்னத்தம்பி மாஸ்டரைக் கேட்டாள். பொம்பளை தொட்டால் கம்புக்குத் தீட்டு என்றார். அவர் திருவிழாவில் கம்பெடுக்கும் முன் சாமியைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததாகக் கும்பிடுவது கண்டாக்கைத்தான். ஆகவே தீட்டு என்று சொன்னதில் வடிவுக்குப் பெரிய நஷ்டமில்லை. அடுத்து அட்டன் டவுனில் ஒரு மாடியில் கராத்தே வகுப்பு. எந்தப் பிள்ளையைச் சேர்க்க வந்தீர்கள் என்று மாஸ்டர் சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டார். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் தலை உயரத்துக்குக் காலை வீசிக்கொண்டிருந்தார்கள். பெல்ட், கோப்பை, போட்டி என்று சுவர் நிறையப் படங்கள். வடிவு படியிலேயே நின்று பார்த்தாள். முதுகில் கூடையோடு, மழையில் வழுக்குகிற சரிவில் ஒற்றைக் காலைத் தூக்கினால் விழப்போவது கண்டாக்கு இல்லை. திரும்பி இறங்கிவிட்டாள்.

கினிகத்தேனையில் இஸ்ஸதீன் முதலாளியின் துணிக்கடைக்கு மேலே, அவர் மகள் ஜிப்ரியா ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு அங்கும் போனாள். ஜிப்ரியா கொழும்பில் படித்தவள். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் இருந்து பாருங்கள், பிடித்தால் மட்டும் வாருங்கள் என்றாள். பிறகு கேட்டாள்: "ஒங்கள யாரு புடிக்கிற? எந்தக் கையால? நிக்கிற எடம் மேடா, பள்ளமா?"

இப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. இதுதான் இடம் என்று வடிவுக்கு அப்போதே பட்டது.

பிடிக்கிறவனின் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மட்டும் தனியாக ஒரு பக்கம். அந்தப் பெருவிரல் பக்கமாகத் திருகி இழுத்தால் எந்தக் கையும் விடும். விடிந்ததிலிருந்து கொழுந்து கிள்ளுகிற கைக்கு இது அரை மணி நேர வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"கையோட வாயும் சேந்து வரணும். 'விடு'ன்னு கத்துங்க" என்றாள் ஜிப்ரியா.

"விடுங்க" என்று கத்தினாள் வடிவு.

"'ங்க' வாணாம்."

மறுபடியும் விடுங்க. வகுப்பில் இருந்த மற்றத் தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேரும் முயன்றார்கள். ஐந்து பேருக்கும் 'ங்க' வந்தது. ஒருத்தி 'ஐயா'வையும் சேர்த்துவிட்டாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். ஜிப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. நாலு தலைமுறையாக ஐயா என்றும் தொரை என்றும் பழக்கப்பட்ட நாக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போதும்?

நாலாவது வாரம், ஏழாம் நம்பர் மலையில், ஓர நிறையில்தான் நின்றாள். கண்டாக்கு அங்கும் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். வடிவு பெருவிரல் பக்கமாகத் திருகி இழுத்தாள். கை விடுபட்டது. கண்டாக்கு நிலை தவறி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தார். படித்தது பலித்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து, மலைக்கே கேட்கும்படி, "விடுங்க ஐயா" என்றுதான் வந்தது.

மறுநாள் தோட்டத்து ஒப்பீசில், மேனேஜர் தொரைக்கு முன்னால் விசாரணை. அவள் சறுக்கப் போனாள், பிடித்துக்கொண்டேன், தள்ளிவிட்டாள் என்றார் கண்டாக்கு. பக்கத்து நிறையில் நின்ற அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். எதையும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது என்றாள் அவள். என்ன கேட்டது என்றார் தலைவர்.

"'விடுங்க ஐயா'ன்னு கத்துனா. என் ரெண்டு காதாலயும் கேட்டேனுங்க."

பயத்தை விழுங்கிக்கொண்டு வடிவுக்காகச் சாட்சி சொல்லிவிட்டோம் என்றே அம்மாக்கண்ணு நினைத்தாள். தலைவர் தொரையின் பக்கம் திரும்பினார்.

"கெட்ட எண்ணத்தோட கையப் புடிச்சவன எந்தப் பொம்பளையாச்சும் ஐயான்னு கூப்புடுவாளாங்க தொரை?"

தொரைக்கு அது நியாயமாகப் பட்டது. மரியாதையாகப் பேசியிருப்பதால் இந்தத் தடவை வடிவுக்கு மன்னிப்பு. இனிச் சண்டை வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டது சுதாகரன்.

திரும்பி வரும் வழியில் அவன் பெருமூச்சு விட்டான். "நல்லவேள, ஐயான்னு சொன்ன. இல்லாட்டி வேலயும் போயி காம்பராவும் போயிருக்கும்."

உண்மையாகவே நிம்மதியோடுதான் சொன்னான். வடிவால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

விடிந்ததும் பெரட்டுக்களம். கண்டாக்கு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் வந்தவர்கள் "ஐயா" என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல்தான் வேலைக்கு வந்ததற்கு அடையாளம்.

"சண்முகவடிவு."

வடிவு நாலடி தூரத்தில், கூடையோடு, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாசித்தார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு முழங்கையால் இடித்தாள். மூன்றாம் தடவையும் வாசித்துவிட்டு, அவளை நேராகப் பார்த்துக்கொண்டே, அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதினார்.

அடுத்த பெயரை வாசித்தார். வடிவு அங்கேயே நின்றாள்.