மேஜைக்கு அடியில் ஒரு பேங்க்

பேங்க் என்றால் திருட்டு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டு வியாபார ஆட்டத்தில் பிள்ளைகள் சின்னதாக இருந்ததிலிருந்து நானேதான் பேங்க். அட்டையை விரித்து, தாயக்கட்டை உருட்டி, தெருவை விலைக்கு வாங்கி, அதில் வீடு கட்டி, அடுத்தவன் வந்து நின்றால் வாடகை பிடுங்குகிற ஆட்டம் அது. காகித நோட்டையெல்லாம் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் தோற்று மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால் முட்டிக்கு அடியில் ஒரு நோட்டைத் தள்ளிவிடுவேன். பெரியவன் பார்த்துவிட்டுக் கத்துவான். "நீ எண்ணிப் பாத்தியாடா?" என்று ஒரு அதட்டு போட்டால் அடங்கிப்போவான். பேங்கை எவன் கேள்வி கேட்பது?

அதனால், மாப்பிள்ளை தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இனிமே காகிதமே வேணாம் மாமா, பணமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கும்" என்றபோது எனக்குப் பொறி தட்டிவிட்டது. காகிதம் இல்லாத பணத்தை நான் கடையிலேயே பார்த்தவன். டயருக்குப் பஞ்சர் ஒட்டி முடித்து, கையைத் துடைப்பதற்குள், "அனுப்பிட்டேன் பெரியவரே" என்று போனின் முகத்தைக் காட்டிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! அந்தப் பணம் எந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ, இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.

மாப்பிள்ளைக்கு போன் கடையில் வேலை. போனின் மேல் கண்ணாடி ஒட்டுகிறார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மொபைல் துறை" என்பார். நானும் ரப்பர் துறையில்தான் இருந்தேன். ஆனால் பஞ்சர் கடை என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

சண்டை அந்தப் பஞ்சர் கடையைப் பற்றியதுதான். வீட்டின் முன்னறை அது. தெருவுக்கு ஒரு ஷட்டர், வீட்டுக்குள் வர ஒரு உள்கதவு. என் முட்டி இரண்டும் போனபிறகு ஷட்டரை இறக்கிவிட்டேன். இறக்கியதுதான் தாமதம், இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

பெரியவன் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்கிறான். விற்பதைவிட வாங்கி அடுக்குவது அதிகம். அவன் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பெட்டி, கட்டிலுக்கு மேலும் பெட்டி. அவற்றை வைக்க இடம் வேண்டுமாம். மகள் துணி தைக்கிறாள். அவள் கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். அவளுக்கு இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, அளவு கொடுத்துப் பழகிய வாடிக்கை. இந்த அறை கிடைத்தால் பிழைத்தாள். கிடைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, எவனோ ஒருவன் கம்பெனியில் போய் நாளெல்லாம் காலர் மட்டும் தைக்கவேண்டியதுதான்.

"யாருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

சொல்லலாம். மகளுக்கு என்றால் மகன் பேசமாட்டான், மருமகள் பேசிக்கொண்டே இருப்பாள். மகனுக்கு என்றால் மகள் அழமாட்டாள். சும்மா பார்ப்பாள். அது இன்னும் மோசம். நான் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவேண்டும்? வாயால் தீராததை அட்டையில் தீர்ப்பது இந்த வீட்டு வழக்கம். பழைய ஸ்கூட்டர் யாருக்கு என்பது அப்படித்தான் முடிந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். கோர்ட்டுக்குப் போய்ச் சொத்தைப் பிரித்துக்கொண்டவர்களைப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜைமேல் அட்டையை விரித்தோம். ஆடுவது அண்ணனும் தங்கையும். யார் முதலில் ஓட்டாண்டி ஆகிறார்களோ அவர்களுக்கு அறை இல்லை. மாப்பிள்ளை பேங்க். இருவர் போனிலும் ஆட்டப் பணத்துக்கான ஒரு ஆப்பை ஏற்றிக்கொடுத்தார். வாடகையோ விலையோ, எல்லாம் அவர் போன் வழியாகத்தான் போகவேண்டும்.

"மாமா, நீங்க ஓய்வெடுங்க. இத்தனை வருஷம் எண்ணி எண்ணி விரல் தேஞ்சுபோச்சு" என்றார் மாப்பிள்ளை.

"என் விரலைப் பத்தி உங்களுக்கு என்ன மாப்பிள்ளை கவலை?"

"சும்மா ஒரு அக்கறைதான் மாமா."

அக்கறையாம்! பெரியவனைப் பார்த்தேன். தங்கை புருஷன் பேங்காக உட்காருகிறான், அதுவும் நோட்டில்லாத பேங்க். இவன் எகிறிக் குதிப்பான் என்று நினைத்தேன். "மச்சான் இருந்தா நல்லாதான் இருக்கும்" என்றான். இவ்வளவு முட்டாளா என் பிள்ளை என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆட்டம் தொடங்கியது. அதை ஆட்டம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. காகித நோட்டு இருந்த காலத்தில் வாடகை கொடுக்கிறவன் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, பிய்த்துக் கொடுப்பதுபோல் கொடுப்பான். வாங்குகிறவன் எச்சில் தொட்டு எண்ணுவான். கொடுத்தவன் வயிறு எரிவது அட்டைக்கு இந்தப் பக்கம் வரை காந்தும். இப்போது மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் தடவுகிறார்கள். வாங்குகிறவர் போனில் சில்லறை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். எங்கிருந்து போனது, எங்கே சேர்ந்தது? கேட்டால், "அதெல்லாம் ஆப் பாத்துக்கும்." மாடு மேய்க்கிறவன்கூட சாயங்காலம் தலையை எண்ணித்தான் ஓட்டிவருவான்.

மகள் நன்றாகவே ஆடினாள். நல்ல தெருவாகப் பார்த்து வாங்கி, வரிசையாக வீடு கட்டிவிட்டாள். பெரியவன் கட்டை உருட்டினால் நேராக அவள் வாசலில்தான் போய் நின்றான்.

"என்னண்ணே, தங்கச்சி வீட்டு வாசல் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"ஆடு ஆடு. கடைசியில யார் வாசல்ல யார் நிக்கறாங்கன்னு பாப்போம்."

"வாடகையை வெச்சிட்டுப் பேசு."

சில்லறை கொட்டியது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் இடது கை மேஜைக்கு அடியில் போவதைப் பார்த்தேன். போன் கையோடு போனது. கட்டைவிரல் அசைகிறபோது தோளில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும். முட்டிக்கு அடியில் நோட்டுத் தள்ளியவனுக்கு அந்தத் துடிப்பு தெரியாதா? முகத்தை மட்டும் சாமி கும்பிடுகிறவர் மாதிரி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த வாடகைச் சத்தத்தோடு சேர்ந்து, மறுபடி போனது.

சரி, திருடுகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டிக்காகத் திருடுகிறார், திருடட்டும். மகள் பக்கம் நாலு காசு கூடினால் எனக்கென்ன நஷ்டம்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த உருப்படியான காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்றுகூட நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் பெரியவன் விழவேயில்லை. வாடகைக்கு மேல் வாடகை கொடுக்கிறான், அபராதம் கட்டுகிறான், இவ்வளவுக்கும் பிறகு கடைக்கோடித் தெருவில் ஒரு வீட்டையும் கட்டுகிறான். ஓட்டைப் பானையில் தண்ணீர் குறையாமல் நிற்கிற மாதிரி இருந்தது. மகள் நெற்றியைச் சுருக்கினாள். இரண்டு தடவை தன் போனைப் பார்த்தாள், இரண்டு தடவை அண்ணனைப் பார்த்தாள். அவன் வீட்டு வாசலில் அவள் போய் நின்றபோது பாதிப் பணம் போய்விட்டது. அடுத்த சுற்றில் மீதியும் பாதியானது. கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். உருட்டவில்லை. அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"டீ ஆறிடும், முதல்ல குடிங்க" என்று வீட்டுக்காரி தட்டை நீட்டினாள். எல்லோரும் கையை எடுத்தார்கள், பெரியவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கட்டை மகளின் கைக்குள் இருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டிய நேரம் அல்ல. மாப்பிள்ளை வலது கையால் டம்ளரை வாங்கினார். இடது தோள் துடித்தது.

சில்லறை கொட்டியது. பெரியவனின் சட்டைப்பைக்குள்.

நான் மகளின் போனைப் பார்த்தேன். அது மேஜைமேல் மல்லாந்து சும்மா கிடந்தது.

"டேய், உன் பையில என்னடா கொட்டுது?"

"எ... எங்கப்பா?"

"மாப்பிள்ளை, இப்ப எதுக்கு அவனுக்குப் பணம் போச்சு?"

"அது வந்து மாமா, நெட்வொர்க் கொஞ்சம் மெதுவா இருக்கு. முன்னாடி அனுப்பினது இப்பதான் போய்ச் சேருது."

"அவ குடுத்ததுக்கு அப்பவே கொட்டிச்சே? இப்ப எதுக்கு இன்னொரு தடவை கொட்டுது?"

மாப்பிள்ளை டீயைக் குடித்தார். சூடாக இருந்திருக்கவேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது.

பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, சத்தத்தை நிறுத்தி வைங்கன்னு!"

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மகள் எழுந்தாள். கட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, புருஷன் மடியிலிருந்து போனை எடுத்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். அண்ணன் பெயருக்கு நேராகப் பேங்கிலிருந்து போனதெல்லாம் வரிசையாக இருந்தது. காகிதத்தில் இந்த ஒரு வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். திருடுவதற்கென்று ஒன்றைக் கொண்டுவந்து, அது தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று தெரியாமல் வைத்திருக்கிற அறிவாளியை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஏங்க?" என்றாள். கத்தவில்லை.

மாப்பிள்ளை பெரியவனைப் பார்த்தார். பெரியவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அண்ணனை ஏன் பாக்கறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க. என் ரெண்டு மெஷினும் எங்க போகும்? தெருவுக்கா?"

"மெஷின் போனா வேற மெஷின் வாங்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பிறகு குரல் திடீரென்று ஏறியது. "கடை இங்க வந்தா நீ காலையில வந்து ராத்திரிதான் வீட்டுக்குத் திரும்புவ. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு இங்க வரும். சாப்பாடும் இங்கதான்னு ஆகும். அப்புறம் நான் என்ன பண்றது? தினமும் இந்த உள்கதவைத் தட்டிட்டு, மாமா முன்னாடி தட்டை ஏந்திட்டு நிக்கணுமா? இப்பவே நான் உள்ள வந்தா, மனுஷன் என்னைப் பஞ்சரான டயரைப் பாக்கற மாதிரிதான் பாக்கறாரு!"

பொய் இல்லை. அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் அதற்குப் பெண்டாட்டி பிழைப்பின் காற்றைப் பிடுங்குவானா ஒருத்தன்? என்னிடம் வந்து, "அப்படிப் பாக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்வையை மாற்றியிருக்கமாட்டேன். ஆனாலும் ஆண்பிள்ளை என்று நினைத்திருப்பேன்.

"இந்த மாதிரி புருஷனைக் கட்டிக்கிட்டு..." என்று நான் ஆரம்பித்தேன்.

மகள் திரும்பினாள். "நீ இரு. அவர் கை மேஜைக்கு அடியில போனதை நீ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"நீ மூணாவது வீடு கட்டும்போது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உனக்குப் போடறாருன்னு நினைச்சேன்."

பெரியவன் பக் என்று சிரித்துவிட்டான். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருமினான்.

"அப்ப நான் ஜெயிச்சிருந்தாலும் திருட்டு ஜெயம்தான். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தே" என்றாள். "இவங்க ரெண்டு பேரும் போனுக்குள்ள ஒளிஞ்சாங்க. நீ இத்தனை வருஷமா இந்த அட்டைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டிருக்கே. அறை உன்னோடது. வாயைத் திறந்து சொல்லு. யாருக்கு?"

"ஆட்டம் இன்னும் முடியலையே" என்றான் பெரியவன்.

"மூடுடா" என்றேன். அதற்குமேல் ஒளிய இடம் இல்லை. எல்லோருடைய முகமும் என்மேல்தான் இருந்தது. வீட்டுக்காரி டீத்தட்டோடு அப்படியே நின்றாள்.

"உனக்குத்தான். மெஷினைக் கொண்டா" என்றேன்.

"எதுக்கு எனக்கு? நான் அழுவேன்னா?"

"நீ எங்க அழுவ? அவன் பெட்டிக்குத் தங்க இடம் இல்லன்னா பெட்டி பட்டினி கிடக்காது. அதுக்கு."

பெரியவன் எழுந்தான். "அப்ப எதுக்கு என்னை ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வரச்சொன்னே? நான் என்ன கேணையனா?" என்றான். அதற்கு நான் பதில் சொன்னால் இன்னொரு சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். மருமகளைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவள் என்னிடம், "எங்களுக்கு யாரு மாமா இருக்கா?" என்றாள். கட்டில் கொள்ளாத பெட்டிகளும் அந்தப் புருஷனும் இருக்கிறார்கள். போதாதா?

மாப்பிள்ளையும் வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டிவிட்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் மகள். "மெஷின் தூக்க ஆள் வேணும். உக்காருங்க."

உட்கார்ந்தார், ஒரு கால் செருப்போடு.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சும்மா வேணாம். தெருவுல என்ன வாடகையோ அதைச் சொல்லு. இன்னொண்ணு, உள்கதவை அடைச்சிரு. நான் ஷட்டர் வழியா வருவேன், ஷட்டர் வழியா போவேன். அவரும் அப்படித்தான். பிள்ளைங்க பாட்டியைப் பாக்கணும்னா தெருவைச் சுத்தி வந்து வாசல் கதவைத் தட்டட்டும்."

"சொந்த வீட்டுக்கு நடுவுல யாராவது சுவர் வெப்பாங்களா?" என்று வீட்டுக்காரி அழுதாள். மகள் அசையவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

மறுநாளே பலகைகள் வாங்கிவந்து, உள்கதவைத் திறந்துவிட்டு, நிலையில் ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்தேன். அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்று தாங்கிப் பிடித்தார். கடைசி இடைவெளி மூடும்வரை இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம், வேறு வழியில்லாமல். கடைசி ஆணியை அடித்துவிட்டுத் தட்டிப்பார்த்தேன். அசையவில்லை.

"நல்லா கெட்டியா இருக்கு மாமா" என்றார் அந்தப் பக்கமிருந்து.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் மனசாரப் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.