மேசை மாறினால் ஓடும் கணினி

கிளினிக் வரவேற்பு மேசைக் கணினி இன்றும் செத்தது. பழுதுபார்ப்பவன் தன் அறைக்குத் தூக்கிப்போனால் மட்டும் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடும்.

"கோளாறு உங்க கையிலதான் அக்கா. உங்க இடத்துக்கு மேனேஜர் வேற ஆள் பாக்கறார்," என்றான் வரவேற்பாளப் பெண்ணிடம்.

"ஒன்பது வருஷமா இதே கைதான் தட்டுது, தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. கணினியைத் தூக்காமல் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். காரணம் தெரியாமல் எழுவதில்லை என்று முடிவுசெய்தான்.

நெட்வொர்க் வயரைப் பிடுங்கினான். ஒரு மணி நேரம் ஓடியது. செருகினான், நீலத்திரை காட்டிச் செத்தது. தன் அறையில் அந்த வயரைச் செருகியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நெட்வொர்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பார்த்தான். போன வாரம் அதைப் புதிதாக ஏற்றியவன் அவனேதான்; கோளாறும் அன்றிலிருந்துதான். பழையதைப் போட்டான். வயரோடு மாலைவரை ஓடியது.

"மேனேஜர்கிட்ட என்ன சொல்லுவ?"

"கோளாறு என் கையிலன்னு."

எழுந்து மேனேஜர் அறைக்கு நடந்தான்.