தாழ்ப்பாளுக்கு வெளியே

1

இந்தக் கதை எனக்குக் கழிப்பறையில் கிடைத்தது. முகம் சுளிக்க வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. முதியோர் இல்லத்தில் இருக்கும் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். (சித்தி இந்தக் கதையில் வரமாட்டார். கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.) அங்கே எந்தக் குளியலறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலை நீட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். பராமரிப்புப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "முடிஞ்சுதா தாத்தா?" என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது.

வீட்டுக்கு வந்தும் கூச்சம் போகவில்லை. எனக்கு ஒரு நாள். அங்கே இருப்பவர்களுக்குத் தினமும் என்று நினைத்தபோது கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கதை எழுத வரும்.

2

மாலை வெயில் அந்த இல்லத்தின் ஜன்னல்களில் மெல்ல

(வேண்டாம். வெயிலை வைத்து ஆரம்பித்தால் கடைசியில் யாராவது சாக வேண்டியிருக்கும்.)

நாயகி, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இல்லத்தில் எல்லோருக்கும் அவர் பிரேக் அம்மா. முதலில் அவரைச் சாதுவாக எழுதி, ஒரு மூலையில் உட்காரவைத்து அழவிட்டேன். ஒட்டவே இல்லை. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினால், நேராக மேலாளர் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

3

"குளிக்கிற ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும்."

மேலாளர் கெட்டவர் அல்ல. (கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம்.) போன வருடம் உள்ளே தாழிட்டுக்கொண்ட ஒருவர் விழுந்து, கதவை உடைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அன்றைக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். இப்போதும் பிரேக் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் அவர் மகனுக்குப் போன் போட்டார்.

"உங்கம்மா தாழ்ப்பாள் கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"போனை வைங்க சார்," என்றார் பிரேக் அம்மா. "குளிக்கப் போறது அவன் இல்ல."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழலாம். நான் கார் கத்துக்கொடுத்தப்ப என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துன்னா மிதிப்பேன். அதுக்காக ஸ்டியரிங்கைப் பிடுங்கினது இல்ல. வெளியிலேர்ந்து சாவி போட்டும் திறக்கிற தாழ்ப்பாள் கடையில கிடைக்குது. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். கூப்பிட்டா வாங்க, கேட்டும் பதில் வரலைன்னா வாங்க. சும்மா எட்டிப் பாக்க வராதீங்க."

மேலாளர் போனை வைத்தார். "மத்தவங்களுக்கும் வேணுமா?"

"அவங்கவங்களையே கேளுங்க."

4

இனி முடிவு. பிரேக் அம்மா வழுக்கி விழுவதாக ஒன்று எழுதினேன். (உருக்கமாக வந்தது. ஆனால் உரிமை கேட்டதற்கு எழுத்தாளன் கொடுக்கும் தண்டனை மாதிரி இருந்தது.) எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்து, எல்லோரும் கைதட்டுவதாக இன்னொன்று. எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது இது. தாழ்ப்பாள் பொருத்திய மறுநாள் காலை. பிரேக் அம்மா துண்டும் சோப்புமாக வருகிறார். பராமரிப்புப் பெண் சாவியோடு வெளியே நிற்கிறாள். அவள் பின்னால் நான், என் பின்னால் நீங்கள். ஈரத் தரையில் அவர் வைக்கும் பாதத்தை, தனியாக இருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை எழுதியாக வேண்டும். பேனாவும் கையுமாக உள்ளே நுழையப் போனேன்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா, சரியா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. அந்தக் கதை எழுதறவரையும் கூட்டிக்கிட்டுப் போ."

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. வாருங்கள், போகலாம்.