பாலைவனத்துக்கு இரண்டு பீரியட்

பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்டே தலை நரைத்த கணக்கு வாத்தியாருக்கு, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்துத்தான் மனைவியோடு முதல் சுற்றுலா வாய்த்தது. நான்கு பழைய நகரங்கள், கடைசியில் ஒரு பாலைவனம். மூன்று நாள் சாப்பாட்டு மேசையை வளைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாகக் கட்டம் போட்டுப் பயணத்துக்கும் டைம்டேபிள் தயாரித்தார். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"பாரு, ஒரு இடத்துலகூட மோதல் கிடையாது" என்று நான்காம் நாள் பெருமையாகத் தாளை நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். திங்கள் முதல் பீரியட் அவருக்குக் கோட்டை, அவளுக்கு அரண்மனை. அடுத்த பீரியட் அப்படியே தலைகீழ். செத்துப்போன ராஜாவின் கல்லறைக்கும் தனித்தனியாகத்தான் போக வேண்டும். பாலைவனத்தில் அவர் ஒட்டகத்தைவிட்டு இறங்கிய பிறகுதான் அவள் ஏறலாம். ஒரே வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாத்தியார் போகக் கூடாது என்ற பழக்கதோஷம் பெண்டாட்டியையும் விட்டுவைக்கவில்லை.

"அது சரி, நாம ரெண்டு பேரும் எப்பங்க பாத்துக்கறது?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிப்போனது. "ஐயையோ! குடு, மாத்திடறேன்."

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள்.

"கை வைக்காதீங்க. உங்க சர்வீஸ்லயே இப்பதான் உருப்படியா ஒண்ணு போட்டிருக்கீங்க."