கணவாய்க்கு அந்தப் பக்கமும் ஸ்பிரிங்கன்

சுவிட்சர்லாந்துக்கு நான் போனதில்லை. அதனால என்ன? அங்கே ஸ்பிரிங்கன்னு ஒரு மலை ஊர் இருக்கே, அதோட ஒவ்வொரு ஓடையும் எனக்கு அத்துப்படி. ஆறு வாரமா அந்த ஊரோட பழைய வரைபடத்தைக் கம்ப்யூட்டர்ல கோடு கோடா இழுத்துண்டிருக்கேன். வலியசாலையிலேர்ந்து கழக்கூட்டம் ஆபீசுக்கு பஸ்ஸுல போறச்சேகூட அந்தப் பாதைதான் கண்ணுல ஓடும்.

பதினோரு வருஷம் ஆத்தோட இருந்துட்டு, நாற்பத்திமூணு வயசுல வேலைக்குத் திரும்பினவ நான். ஆறு மாசம் தற்காலிகம். அது முடியற வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள என்னை நிரந்தரமாக்கற ஃபார்ம் போயாகணும். அதை நிரப்ப வேண்டியவன் எங்க டீம் லீட் ஹரிகுமார். சாலைக் கடைத்தெருவுல பலசரக்கு வியாபாரம் பண்ற குடும்பம். என்னைவிடப் பதினாலு வயசு சின்னவன், எனக்கு மேலதிகாரி.

அன்னிக்கு மத்தியானம் ஃபைலைத் திறந்தா எனக்குப் பத்திண்டு வந்தது. ஊர் எல்லையை யாரோ நகர்த்தியிருக்கா! கிளவுசன் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கற கோட்டை இழுத்துண்டு வந்து, மலை முகட்டு மேலேயே வச்சிருக்கு. கணவாய்க்கு அப்பால இருக்கிற உர்னர்போடன் மேய்ச்சல் வெளி முழுக்கப் பக்கத்து கிளாரஸ் மாநிலத்துக்குப் போயிடுத்து. கோடையில ஆயிரம் பசு மேயற இடம்!

"ஹரி, இதை யார் தொட்டா?"

"நான்தான், பத்மஜா சேச்சி. எல்லை முகட்டைத் தாண்டுதுன்னு சாஃப்ட்வேர் சிவப்பு காட்டிச்சு. மாத்தினேன், பச்சை ஆயிடுச்சு. நீங்க அக்செப்ட் அமுக்குங்க, நாலு மணிக்கு அனுப்பணும்."

"பச்சையாவது மண்ணாவது! அது ஸ்பிரிங்கன் நிலம்."

"அதெங்ஙனே சேச்சி? தண்ணி அந்தப் பக்கம் ஓடுது. பின்கோடுகூட கிளாரஸ் பக்கத்துதான். பாருங்க."

பார்த்தேன். சரியாத்தான் சொன்னான். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுத்து. அமுக்கிட்டா திங்கட்கிழமைலேர்ந்து நான் நிரந்தரம். வாயை மூடிண்டு அமுக்கிடலாமான்னுகூடத் தோணித்து.

அப்புறம்தான் உறைச்சுது. "ஏன்பா, பனிக்காலத்துல கணவாய் மூடிடும். அப்போ தபால் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? கீழே கிளாரஸ்லேர்ந்துதானே? தபால் வர வழி வேற, ஊர் வேற. எங்கப்பா நாற்பத்தியேழுல செங்கோட்டையில பிறந்தார். ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், தண்ணியெல்லாம் கிழக்கே ஓடற ஊர். அப்போ அது திருவிதாங்கூர். உன் சாஃப்ட்வேரைக் கேட்டா எங்கப்பாவை வெளியூர்க்காரர்னு சொல்லும்!"

ஹரி சிரிச்சுட்டான். "அது ராஜா காலம், சேச்சி."

"இதுவும் பழைய காலம்தான். படத்தோட வந்த குறிப்பைப் படிச்சியோ? ரெண்டு மாநிலத்துக்காராளும் சேவல் கூவினதும் ஓட ஆரம்பிச்சு, சந்திக்கற இடத்துல எல்லை வச்சுக்கலாம்னு பேசிண்டாளாம். ஸ்பிரிங்கன் பக்கத்துக்காரா சேவலைப் பட்டினி போட்டா. அது பசியில சீக்கிரமே கூவிடுத்து. கிளாரஸ்காரா சேவலுக்கு வயிறு முட்டப் போட்டா. அது நன்னாத் தூங்கிடுத்து. ஸ்பிரிங்கன் ஆள் கணவாயையும் தாண்டிப் போயிட்டான்."

"கோழிக் கதையைக் கிளையண்ட்டுக்கு அனுப்ப முடியுமா? கடைசி நேரத்துல சந்தேகம் கேட்டா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என் பேர்ல கேக்கறேன். தப்பா இருந்தா என் தலையில போடு."

அவன் முகம் சுண்டிப்போச்சு. ஃபார்மைத் திறந்தான். என் கண் முன்னாடியே, 'குறைகள்'ங்கற கட்டத்துல டைப் பண்ணினான்: பிடிவாதம்.

பயமாத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லணும்? இருந்தாலும், சூரிக்ல எங்க கிளையண்ட், படத்தை அச்சிடப் போற ரெகுலாங்கறவளுக்கு ரெண்டு கோட்டையும் அனுப்பி, எது சரின்னு கேட்டேன். சேவல் கதையையும் ஒரு வரி சேர்த்தேன். டிபன் பாக்ஸ் திறக்காமலே மேஜையில கிடந்தது.

மூணே காலுக்குப் பதில் வந்தது. ஹரிதான் வாசிச்சான்: பத்மஜாவின் கோடே சரி. உர்னர்போடன், ஸ்பிரிங்கனைச் சேர்ந்தது. மற்றக் கோடு வந்திருந்தால் வேலை முழுவதையும் திருப்பி அனுப்பியிருப்போம்.

கடைசி வாக்கியத்தை அவன் ரெண்டாம் தடவை மனசுக்குள்ள படிச்சான். அப்புறம் என் டிபன் பாக்ஸைப் பார்த்தான். "சாப்பிடலியா சேச்சி? அதான் நேரத்தோட கூவிட்டீங்க, அல்லே?"

"நீ மத்தியானம் பிரியாணி தின்னியோல்லியோ? அதான் தூங்கிட்டே."

"சாரி சேச்சி." ஃபார்மைத் திறந்து, 'பிடிவாதம்'ங்கறதை அழிக்கப் போனான்.

"அழிக்காதே."

"பின்னே?"

"வார்த்தை சரியாத்தான் இருக்கு. எல்லையைத்தான் தப்பாப் போட்டிருக்கே. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்து."

பக்கத்துக் கட்டம் 'நிறைகள்'. நகர்த்தினான். நான் என் கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வச்சேன். சாஃப்ட்வேர் சிவப்பா முழிச்சுது. முழிக்கட்டுமேன்னு அக்செப்ட்டை அமுக்கினேன்.